ஆரோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரோவிலுக்கு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் மாத்ரிமந்திர் என்ற அந்தப் பொன்னிறக் கோளத்தைப் பற்றித்தான். குயிலாப்பாளையத்தைக் கடந்து, எடையஞ்சாவடியை ஒட்டி, இரும்பைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள். ஆனால் அந்த ஊர்களின் பெயரைக் கேட்பவர்கள் குறைவு. அந்த ஊர்களைத் தெரியாமல் ஆரோவிலைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து. அதனால் இரண்டையும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆரோவில் என்பது என்ன? ஆசிரமமா, ஊரா?

ஆசிரமம் இல்லை. ஆசிரமம் புதுச்சேரி நகரத்துக்குள் இருக்கிறது. அரவிந்தர் 1910-இல் புதுச்சேரிக்கு வந்தார். ஆசிரமம் 1926-இல் உருவானது. அதை நடத்திய மிர்ரா அல்ஃபாஸா, அதாவது எல்லோரும் ஸ்ரீ அன்னை என்று சொல்பவர், நாடு, மதம், அரசியல் வேறுபாடு பார்க்காமல் மனிதர்கள் சேர்ந்து வாழ ஒரு நகரம் வேண்டும் என்று நினைத்தார். அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் ஆரோவில்.

1968 பிப்ரவரி 28 அன்று தொடக்க விழா நடந்தது. 124 நாடுகளிலிருந்தும் இந்திய மாநிலங்களிலிருந்தும் வந்த பிரதிநிதிகள் தங்கள் மண்ணில் ஒரு பிடி கொண்டுவந்து, தாமரை மொட்டு வடிவிலான பளிங்குக் கலசத்தில் போட்டார்கள். கலசம் இன்றும் அங்கேயே இருக்கிறது.

50,000 பேர் வாழும் நகரமாகத் திட்டமிட்டார்கள். இன்று அங்கே வாழ்பவர்கள் சுமார் 3,300 பேர், ஏறக்குறைய 60 நாட்டுக்காரர்கள். அந்த வகையில் இன்னும் ஒரு சின்னக் குடியிருப்புதான். சுற்று ஊர்களின் மக்கள்தொகையைக் கூட்டினால் இதைப்போலப் பல மடங்கு வரும்.

புதுச்சேரியில் இருக்கிறதா, தமிழ்நாட்டிலா?

பெரும்பகுதி தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். தொடங்கிய காலத்தில் அது தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் பிரிந்தது 1993-இல்தான். புதுச்சேரி நகரத்திலிருந்து வடக்கே சுமார் 10 கிலோமீட்டர்.

இந்தப் பக்கத்தில் எல்லை நேர்க்கோடாக ஓடாது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் திட்டுத் திட்டாகப் பிரிந்த நிலம் அப்படியே நிற்கிறது. ஆலங்குப்பம் புதுச்சேரி, பக்கத்துக் குயிலாப்பாளையம் தமிழ்நாடு. சைக்கிளில் பத்து நிமிடம் போனால் ரேஷன் கார்டும் முதலமைச்சரும் மாறிவிடுகிறார்கள். மாமன் வீடு ஒரு மாநிலம், மச்சான் வீடு இன்னொரு மாநிலம் என்பது இங்கே சாதாரணம்.

சுற்றியுள்ள ஊர்கள் எவை?

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே மேடேறினால் முதலில் வருவது குயிலாப்பாளையம். பேக்கரி, துணிக்கடை, வாடகை ஸ்கூட்டர் என்று கடைத்தெருவே மாறிப்போன ஊர். ஆனால் மாட்டுப் பொங்கல் அன்று வந்தால் பழைய ஊரைப் பார்க்கலாம்: கொம்புக்கு வர்ணம் அடித்து, பலூன் கட்டி, மாடுகளை ஓட்டிவருவார்கள், கைக்குழந்தையோடு நிற்கும் ஊர்ப் பெண்களுக்குப் பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரரும் இத்தாலிக்காரரும் சுவரில் ஏறி நிற்பார்கள்.

ஆரோவிலின் நடுப்பகுதிக்கு மிக நெருக்கமான ஊர் எடையஞ்சாவடி. வடக்கே ராயப்பேட்டை, கோட்டக்கரை. மேற்கே இரும்பை. தெற்கே ஆலங்குப்பம், சஞ்சீவி நகர், அன்னை நகர். திண்டிவனம் சாலைப் பக்கம் மொரட்டாண்டி. கடலோரமாகப் பொம்மையார்பாளையம், பெரிய முதலியார்சாவடி, சின்ன முதலியார்சாவடி. மேட்டு ஊர்களுக்குப் பிழைப்பு முந்திரி, மணிலா என்ற வேர்க்கடலை, சவுக்கு. கடலோர ஊர்களில் மீன்பிடிப்பும் உண்டு.

ஊர், காலனி என்று பிரிந்துகிடப்பது தமிழ்நாட்டில் எங்கும் போல இங்கேயும் உண்டு. மனித ஒற்றுமைக்கு என்று ஒரு நகரம் எழுந்த இடத்துக்கு ஒரு மைல் தூரத்தில் இந்தக் கோடும் இருக்கிறது என்பதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பம் இல்லை. ஒரே பட்டறையில் இரண்டு தெருப் பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைப்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் உண்மை.

ஆரோவில் வருவதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது?

செம்மண் மேடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரம். மரங்களை வெட்டி, ஆடு மாடு மேய்ந்து, மேல்மண் எல்லாம் மழையில் அடித்துப்போய், ஆழமான ஓடைகளாகக் கிழிந்து கிடந்தது. அங்கங்கே பனை, ஒரு வேம்பு, நடுவில் ஓர் ஆலமரம். பழைய புகைப்படங்களில் அந்த ஆலமரம் தன்னந்தனியாக நிற்கும். அதைத்தான் நகரத்தின் நடுப்புள்ளியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் "யாரும் இல்லாத பாலைவனம்" என்று சிலர் எழுதுவதை ஏற்க முடியாது. மழை பெய்தால் விதைத்தார்கள், பெய்யாவிட்டால் மாடு மேய்த்தார்கள். கேழ்வரகு, கம்பு, வரகு விளைந்த புன்செய் அது. விலைக்கு வாங்கப்பட்ட ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் இந்த ஊர்களில் ஒரு குடும்பம் கைநாட்டோ கையெழுத்தோ போட்டிருக்கிறது. விற்ற நிலத்திலேயே பிறகு கூலிக்குப் போனவர்களும் உண்டு. இங்குள்ள பெரியவர்களிடம் பேசினால் அந்த நினைவு அவர்கள் குரலில் தெரியும்.

இவ்வளவு பெரிய காடு எப்படி வந்தது? வெளிநாட்டுக்காரர்கள் தனியாக வளர்த்ததா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பாதி மட்டும் சொல்லப்படும் பதிலும் இதுதான்.

முதலில் வந்து குடிசை போட்டவர்கள் செய்த முதல் வேலை மரம் நடுவது கிடையாது. மழைநீரை நிறுத்துவதுதான். சரிவுக்குக் குறுக்கே மண்கரை போட்டார்கள், ஓடைகளுக்குள் தடுப்பணை கட்டினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் போய்ப் பாருங்கள்: முழங்கால் உயரக் கரைக்கு மேல்பக்கம் தண்ணீர் செம்மண் குழம்பாகத் தேங்கி நிற்கும். ஓடிவிடாமல் அங்கேயே மெதுவாக இறங்கும். தண்ணீர் வற்றிய இடத்தில் சருகும் வண்டலும் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். அந்த ஒரு விரல் மண்தான் அடுத்த வருடத்துச் செடிக்குச் சோறு. ஐம்பது வருடம் இப்படிப் படிந்து வந்ததைத்தான் நாம் இன்று காடு என்கிறோம்.

அதன்பின் எந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கும் மரங்களை நட்டார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கத்திச் சவுக்கு அதில் முக்கியமானது. அது வேகமாக வளர்ந்து நிழல் கொடுத்தது, இலையைக் கொட்டி மண்ணை மூடியது. அந்த நிழலுக்கு அடியில்தான் இந்தக் கடலோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களைக் கொண்டுவந்தார்கள்: கருங்காலி, வீரை, காயா மாதிரி, மெதுவாக வளர்ந்தாலும் நின்று வாழ்பவை.

சரி, எல்லாக் காடும் அழிந்த நாட்டில் அந்த மரங்களின் விதை எங்கிருந்து கிடைத்தது? கோயில் காடுகளிலிருந்து. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காட்டில் கிளை ஒடிக்க ஊர்க்காரர்கள் பயப்படுவார்கள். ஐயனார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பயம். சுற்றுவட்டாரத்தில் எல்லாம் மொட்டையான காலத்திலும் இப்படிப்பட்ட காடுகள் நின்றன. பிச்சாண்டிகுளம் போன்ற ஆரோவில் காட்டுப் பகுதிகளில் இருந்தவர்கள் இந்தக் கோயில் காடுகளைத் தேடிப்போய், விதை பொறுக்கி, நாற்று வளர்த்தார்கள். எந்தப் பட்டை எதற்கு மருந்து, எந்தக் காயை எந்த மாதம் பறிப்பது என்று சொல்லிக்கொடுத்தவர்கள் ஊர் வைத்தியர்களும் மாடு மேய்த்தவர்களும்தான்.

குழி வெட்டியவர்கள், குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவர்கள், இரவில் ஆடு நுழையாமல் காவல் இருந்தவர்கள் பெரும்பாலும் இந்த ஊர்க்காரர்கள். வெயிலில் நின்று மண்வெட்டி பிடித்த வெளிநாட்டுக்காரர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிலர் இருபது வயதில் வந்து அந்தக் காட்டுக்குள்ளேயே கிழவர்களானார்கள். அவர்கள் பெயரைச் சொல்லும்போது ஐயனாரையும் குடம் சுமந்த பெண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

இரும்பையில் ஏதோ சாபம் என்கிறார்களே, அது என்ன?

இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் திருஞானசம்பந்தர் பாடிய தலம். அதையொட்டி ஒரு கதை சொல்வார்கள்.

கடுவெளிச் சித்தர் அரசமரத்தடியில் தவத்தில் இருந்தார். மேலே புற்று வளர்ந்தது, நாட்டில் மழை நின்றது. சித்தரின் தவச்சூடுதான் காரணம் என்று நினைத்த அரசன், வள்ளி என்ற தாசியை அனுப்பினான். சித்தர் உதிரும் அரச இலையை மட்டும் வாயில் போட்டுக்கொள்வதை அவள் கவனித்தாள். இலை விழும் கையில் ஒருநாள் அப்பளத்தை வைத்தாள். நாளுக்கு நாள் அவர் உடம்பு தேறியது, கண் திறந்தார், மழையும் வந்தது. பிறகு கோயில் விழாவில் வள்ளி ஆடும்போது அவள் சலங்கை கழன்று விழ, ஆட்டம் கெடக்கூடாது என்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் கட்டினார். கூட்டம் கேலி செய்து சிரித்தது. சித்தர் கோபத்தில் பாட, லிங்கம் மூன்றாக வெடித்தது, ஊர் பாழாகட்டும் என்ற சாபமும் விழுந்தது.

அரசன் காலில் விழுந்து கெஞ்சியபோது, தூர தேசத்திலிருந்து மக்கள் வந்து இந்த மண்ணை மறுபடி பச்சையாக்குவார்கள் என்று சித்தர் சொன்னதாகக் கதையை முடிப்பார்கள். இந்த முடிவு ஆரோவிலில் விரும்பிச் சொல்லப்படுவது. பழைய கதையோடு எப்போது சேர்ந்ததோ தெரியாது. அப்பளம் வைத்த அந்தக் கைதான் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம். வெடித்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் சேர்த்துக் கட்டி இன்றும் பூசை நடக்கிறது.

மாத்ரிமந்திர் கோயிலா? உள்ளே போகலாமா?

கோயில் இல்லை. சிலை இல்லை, பூசை இல்லை, பிரசாதம் இல்லை. அமைதியாக உட்கார்ந்து மனதை ஒருமுகப்படுத்த ஓர் இடம். 1971 பிப்ரவரி 21-இல் அடிக்கல் நாட்டி, 2008-இல் முடித்தார்கள். நாலாபக்கத்து ஊர்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் அந்த அஸ்திவாரக் குழியில் இறங்கியவர்கள்தான். உள்ளே வெள்ளை மண்டபத்தின் நடுவில் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கோளம். அதன்மேல் சூரிய ஒளி ஒரு கற்றையாக விழும்.

விசிட்டர்ஸ் சென்டரில் இலவச அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, மரநிழலில் சுமார் ஒரு கிலோமீட்டர் நடந்து, வெளியிலிருந்து பார்க்கலாம். உள்ளே உட்கார முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். "இவ்வளவு தூரம் வந்தும் உள்ளே விடவில்லை" என்று கோபப்படுகிறவர்கள் நிறைய. கிளம்புவதற்கு முன்பே விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

ஆரோவில் யாருடைய சொத்து? யார் நிர்வாகம் செய்கிறார்கள்?

குறிப்பிட்ட யாருக்கும் சொந்தமில்லை, மனிதகுலம் முழுவதற்கும் சொந்தம் என்று அதன் சாசனம் சொல்கிறது. சட்டப்படி என்றால், 1988-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம். நிர்வாகக் குழு, குடியிருப்பாளர் பேரவை, சர்வதேச ஆலோசனைக் குழு என மூன்று அமைப்புகள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

இந்தச் சட்டத்துக்கு முன்கதை உண்டு. 1973-இல் அன்னை காலமான பிறகு, பெயரளவில் சொத்துகளை வைத்திருந்த அமைப்புக்கும் அங்கே வாழ்ந்தவர்களுக்கும் கடும் தகராறு. 1980-இல் மத்திய அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. அதை எதிர்த்த வழக்கில், அரவிந்தரின் போதனை மதம் ஆகாது, தத்துவம்தான் என்று 1982-இல் உச்ச நீதிமன்றத்தில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது.

அங்கே வீடு கட்டினாலும் அது கட்டியவர் பெயரில் வராது, விற்கவும் முடியாது.

2021-இல் மரம் வெட்டியதாகச் செய்தி வந்ததே?

நகரத்தின் பழைய வரைபடம் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்ஜே வரைந்தது. நட்சத்திர மண்டலம் சுழல்வது போன்ற வடிவம், நான்கு மண்டலங்கள், சுற்றிலும் பசுமை வளையம். அதில் கிரவுன் ரோடு என்று ஒரு வட்டச் சாலை வருகிறது. அந்தச் சாலைக்காக 2021 டிசம்பரில் ஜேசிபி கொண்டு மரங்களை அகற்றத் தொடங்கியதும், குடியிருப்பாளர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்து நின்றார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் நிபந்தனைகள் விதித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து அறக்கட்டளைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

திட்டமிட்ட நகரம் எழ வேண்டும் என்று ஒரு பக்கம், வளர்ந்துவிட்ட காட்டை மதித்து வரைபடத்தை வளைக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம். என் மனம் மரத்தின் பக்கம். இந்தச் சர்ச்சையில் சுற்று ஊர்களின் கருத்தை ஒழுங்காகக் கேட்டவர்கள் மிகக் குறைவு என்ற வருத்தமும் உண்டு.

உள்ளூர்த் தமிழர்கள் ஆரோவில்வாசி ஆக முடியுமா?

முடியும், ஆகியிருக்கிறார்கள். இந்தியர்கள்தான் அங்கே மிகப் பெரிய எண்ணிக்கை. அவர்களில் பலர் இந்த ஊர்களிலிருந்து போனவர்கள். விண்ணப்பித்து, புதியவராக ஒரு வருடத்துக்குக் குறையாமல் இருந்து, பிறகு ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம், சமஸ்கிருதம் என்ற ஆரோவிலின் நான்கு மொழிகளில் தமிழ் ஒன்று. நடைமுறையில் கூட்டம் என்றால் ஆங்கிலம்தான் ஓடுகிறது. எடையஞ்சாவடியில் பிறந்து வளர்ந்த ஒருவர், தன் பாட்டன் உழுத நிலத்தைப் பற்றிய கூட்டத்தில் ஆங்கிலம் வராமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு கேட்காது.

ஊர்களுக்கும் ஆரோவிலுக்கும் உறவு நன்றாக இருக்கிறதா?

காலை எட்டு மணிக்குக் குயிலாப்பாளையம் சாலையில் நின்றால் பதில் கண்ணால் தெரியும். சைக்கிளிலும் டிவிஎஸ் ஐம்பதிலும் ஆயிரக்கணக்கானோர் மேட்டுப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். ஊதுபத்தி, தையல், தச்சு, கட்டுமானம், தோட்டம், சமையல். அந்தச் சம்பளத்தில் படித்த பிள்ளைகள் இன்று இன்ஜினியர்களாகவும் நர்சுகளாகவும் இருக்கிறார்கள். எடையஞ்சாவடிப் பக்கம் 'உதவி' என்ற பள்ளி, ஆலங்குப்பத்தில் 'இசை அம்பலம்' பள்ளி இரண்டும் ஊர்ப்பிள்ளைகளுக்காக நடப்பவை. பெண்களின் சுய உதவிக் குழுக்களைச் சேர்த்துக்கட்டும் வேலையும் பல வருடமாக நடக்கிறது.

உரசலும் உண்டு. நிலத்தகராறு, திருட்டு, வேகமாக ஓட்டும் பைக், திருவிழா ஒலிபெருக்கி. ஆனால் இதற்கெல்லாம் அடியில் கிடப்பது ஒன்றுதான்: முதலாளி, கூலி என்ற உறவு. சமமாக வாழ வந்த இடத்தில் இந்தச் சமமின்மை இரண்டு பக்கத்துக்கும் முள்ளாகக் குத்துகிறது. ஆரோவில்காரர்களிலேயே இதை வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

நில விலை ஏறியது இன்னொரு சிக்கல். பசுமை வளையத்தில் பெரிய பகுதி இன்னும் தனியார் கையில்தான். அங்கே மனை பிரித்து ரிசார்ட் கட்டினால் கேட்பாரில்லை; சொந்த ஊரிலேயே மகனுக்கு மூன்று சென்ட் வாங்க முடியாத அப்பாக்கள் இருக்கிறார்கள்.

தண்ணீர்?

எல்லோருக்கும் ஒரே நிலத்தடி நீர்தான். நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு போர்வெல்கள் இறங்கிவிட்டன, கடலோரத்தில் உப்பு ஏறும் ஆபத்தும் இருக்கிறது. மேட்டில் நிறுத்தும் மழை பள்ளத்துக் கிணற்றுக்கும் உதவும் என்பதால், இதில் ஊர் வேறு ஆரோவில் வேறு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏரி தூர்வாரும் வேலையில் இரண்டு தரப்பும் கைகோர்த்திருக்கிறார்கள். இன்னும் நிறைய செய்யலாம்.

பெயர்கள் ஏன் இப்படி வித்தியாசமாக இருக்கின்றன?

ஆரோவிலுக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு ஆஸ்பிரேஷன், சர்டிட்யூட், கிரேஸ், பிரார்த்தனா, சமஸ்தி என்று குணங்களும் கனவுகளுமே பெயர். வெளியே இருப்பவை பாளையம், சாவடி, குப்பம், பேட்டை. பழைய வழிப்போக்கர் சாவடி எடையஞ்சாவடி என்ற பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோட்டக்கரை என்பது ஊருக்கும் ஆரோவில் குடியிருப்புக்கும் பொதுவான பெயர். ஆட்டோக்காரரிடம் எந்தக் கோட்டக்கரை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது?

காலையில் விசிட்டர்ஸ் சென்டர். அழுத்திய மண்கற்களால் கட்டிய அந்தக் கட்டடத்தையே நின்று பாருங்கள். 1992-இல் கட்டடக் கலைக்கான ஹசன் ஃபாத்தி விருது வாங்கியது. அங்கிருந்து மாத்ரிமந்திரும் ஆலமரமும். ஆலமரத்துக்கு அனுமதி கிடைத்தால் விடாதீர்கள். வெயில் ஏறினால் குயிலாப்பாளையத்தில் சாப்பாடு.

அப்புறம் நேராகச் சென்னைக்குக் கிளம்பிவிடாமல், இரும்பைக்குப் போங்கள். வாடகை ஸ்கூட்டரில் கொஞ்ச தூரம்தான். கோயில் நடை சாயங்காலம் திறந்ததும் போனால் கூட்டம் இருக்காது. குருக்களிடம் கேட்டால் தீபத்தைச் சற்று உயர்த்திக் காட்டுவார். லிங்கத்தின் மேல் செப்புத் தகடு மின்னும்.

திரும்பும் வழியில் வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலும் சென்னை சாலையில்தான் வருகிறது. இறங்கி, அந்தக் காட்டுக்குள் பத்தடி நடங்கள். கீழே கருங்காலி விதை கிடந்தால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.